ஐந்தாம் அறைக்குக் கால் சுற்று

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் அண்ணி. அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கடைசியாகக் கூப்பிட்டது யார் என்று கேட்டால் அவளுக்கே நினைவு வராது. அவள் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் கழித்துக் கணவனின் தங்கை டாக்டர் பட்டத்தோடு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே கூட்ட அறையில் இருபது பேர் நடுவில், "அண்ணி, வீட்டுச் சாவி உங்க கிட்டயா இருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவ்வளவுதான். மறுநாள் வாசல் காவலாளி அண்ணி என்றார். அடுத்த வாரம் குளிர்ப் பிரிவுக்காரர் அண்ணி என்றார். மாதம் முடிவதற்குள் ஆய்வகத் தலைவரே, அவளைவிடப் பத்து வயது மூத்தவர், தலையில் மருந்துக்குக்கூட முடி இல்லாத மனிதர், "அண்ணி, அந்த அளவு வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊருக்கே அண்ணியானால் யாரை வேண்டுமானாலும் உரிமையோடு திட்டலாம்.

அந்த நாத்தனாருக்கு வீட்டில் பெயர் குட்டி. நாற்பது வயது, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம், பெயர் மட்டும் குட்டி. அண்ணனும் அண்ணியும் கீழ்த்தளத்தில், குட்டி மாடியில். காலையில் அண்ணியும் குட்டியும் ஒரே பேருந்தில் போவார்கள், மாலையில் ஒரே பேருந்தில் வருவார்கள். நாத்தனாரும் அண்ணியும் பதினைந்து வருடம் ஒரே வீட்டில், ஒரே வேலையிடத்தில் இருந்தும் பேச்சுவார்த்தை நிற்கவில்லை என்றால், அந்த ஆய்வகம் செய்த சாதனைகளில் அதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று குளிர்ப் பிரிவுக்காரர் சொல்வார்.

அவர்கள் செய்த வேலை இது. துகள் முடுக்கி என்று ஓர் இயந்திரம். கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் ஓட வைப்பது அதன் வேலை. அந்தத் துகள்களைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவது கேவிட்டி என்கிற உலோகக் குழாய். நியோபியம் என்ற உலோகத்தில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்பது குடங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல இருக்கும். ஒவ்வொரு வீக்கத்துக்கும் அறை என்று பெயர். ஒன்பது அறையும் ஒரே சுருதியில் அதிர வேண்டும். ஒன்று பிசகினாலும் துகளுக்கு அங்கே தள்ளு கிடைக்காது.

அண்ணியின் வேலை சுருதி சேர்ப்பது. கேவிட்டியை இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து, நைலான் இழையில் கோத்த கடுகளவு மணி ஒன்றை அதன் நடுவே இழுப்பாள். மணி ஒவ்வொரு அறையையும் கடக்கும்போது திரையில் ஒரு மேடு எழும்பும். ஒன்பது மேடும் ஒரே உயரம் என்றால் சரி. ஒன்று தணிந்திருந்தால், அந்த அறையைச் சட்டத்தின் தாடைகளுக்கு நடுவே வைத்துச் சக்கரத்தைத் திருப்பி, ஒரு மயிரிழை அழுத்துவாள் அல்லது இழுப்பாள். நியோபியம் மெத்தென்ற உலோகம், சொன்னபடி கேட்கும். இருபத்திரண்டு வருடத்தில் முந்நூறு கேவிட்டிக்கு மேல் அவள் கையால் சுருதி சேர்ந்திருக்கின்றன.

குட்டியின் வேலை பூச்சு. வெறும் நியோபியம் மின்தடையே இல்லாமல் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால், அதைச் சுழியத்துக்குக் கீழே இருநூற்று எழுபத்தொரு டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். இருநூற்று அறுபத்தொன்பது போதாது. அந்த இரண்டு டிகிரிக்காக ஒரு கட்டிடம் நிறைய பம்புகள், குழாய்கள், காவலுக்கு ஆட்கள். உள்சுவரில் வெள்ளீயத்தை ஆவியாக்கி உலையில் நியோபியத்தோடு கலக்கவிட்டால், தலைமுடியில் நாற்பதில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு புதுத் தோல் உண்டாகிறது. அந்தத் தோலுக்கு இருநூற்று அறுபத்தொன்பதே போதும். கட்டிடம் வேண்டாம், ஓர் அலமாரி அளவு குளிர்க்கருவி போதும். ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில்கூட முடுக்கியை வைத்துவிடலாம்.

சொல்வது எளிது. குட்டி நான்கு வருடமாக நான்கு கேவிட்டிகளுக்குப் பூசினாள், நான்கும் சொதப்பின. முதலாவதில் பூச்சு திட்டுத்திட்டாய் வந்தது. இரண்டாவதில் வெள்ளீயம் சொட்டாக நின்றுவிட்டது. மூன்றாவதில் ஒரு முனை மட்டும் மெலிசு. நான்காவதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. ஐந்தாவதுதான் உலையிலிருந்து வெளியே வந்தபோது, முனையிலிருந்து முனைவரை ஒரே சீரான மங்கலாக இருந்தது. மற்றவர்களுக்குப் பளபளப்பு அழகு, பூச்சுக்காரிக்கு மங்கல்தான் அழகு. குட்டி அன்று வீட்டுக்கு வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அவன் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவன் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன், அதனால் மன்னித்துவிட்டான்.

இந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. நியோபியம் மெழுகு மாதிரி வளையும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தோல் கண்ணாடி மாதிரி, வளைத்தால் விரிசல் விடும். ஆகவே சுருதியெல்லாம் பூசுவதற்கு முன்னால்தான். பூசிய பிறகு மணி இழுத்துப் பார்க்கலாம், தாடை மட்டும் அழுத்தக் கூடாது.

திங்கட்கிழமை காலை அந்த ஐந்தாவது கேவிட்டி அண்ணியின் சட்டத்துக்கு வந்தது. சக்கரத்தின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குட்டியின் கையெழுத்து: "அண்ணி, பார்க்க மட்டும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. 'இவள் எனக்குச் சொல்லித் தருகிறாளாக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். காகிதம் சக்கரத்தின் அளவுக்கோட்டை மறைத்ததால் அதை மெதுவாகப் பிய்த்துத் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். மணியை இழுத்தாள். எட்டு மேடு சரியாக எழுந்தது. நடுவிலிருந்த ஐந்தாவது மட்டும் உலைச் சூட்டில் கொஞ்சம் தளர்ந்திருந்தது போலும், ஒரு நூல் தணிந்து நின்றது. அவ்வளவு சின்னக் குறை. வேறு யாராவது பார்த்தால் கண்ணில்கூடப் படாது.

அண்ணிக்குப் பட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் பட்டதும் கை போகிற வழியில் கை போனது. தாடையை ஐந்தாவது அறைக்கு நகர்த்தினாள், பூட்டினாள், சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி விட்டாள். மறுபடி மணியை இழுத்தாள். ஒன்பது மேடும் ஒரே உயரம். ரொம்ப நாளைக்கு அப்புறம் இத்தனை அழகான வரிசை என்று அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி முழுதாக அரை நிமிடம் இருந்திருக்கும். அப்புறம் திரையின் ஓரத்தில் இருந்த காகிதத்தைக் கண் பார்த்தது.

சக்கரத்தைத் திரும்பச் சுழற்றி எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விரிசலை இன்னொரு பக்கம் வளைத்தால் இன்னொரு விரிசல்தான் வரும், அதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஒரு சத்தம் கேட்கவில்லை, வெளியே ஒரு கீறல் தெரியவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. கேவிட்டி எப்போதும் போல அழகாகப் படுத்திருந்தது. அண்ணி படிவத்தில் ஒன்பது மேட்டின் உயரங்களையும் எழுதினாள். 'குறிப்பு' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அது ஒரு சாதாரண வாரமாக இருந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சோதனை. அடுத்த முடுக்கிக்கு எட்டு கேவிட்டி வேண்டும். அவற்றுக்குப் பூசுவதா, வெறுமனே விடுவதா என்று தலைவர் அந்தச் சோதனையை வைத்தே முடிவு சொல்லியாக வேண்டும். இந்த ஐந்தாவதும் தோற்றால் பூச்சு வேலை மூட்டை கட்டப்படும். குட்டியை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

மாலை பேருந்தில் குட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினாள்.

"உங்க அளவைப் பார்த்தேன் அண்ணி. ஒன்பதும் ஒரே உயரம்! உலைக்குப் போய் வந்த பிறகு இப்படி நிக்கும்னு நான் நினைக்கவே இல்ல. பூச்சினால எந்த அறையும் கொஞ்சம்கூட இழுபடலேன்னு அர்த்தம். இதையே தனியா ஒரு கட்டுரையா எழுதலாம்."

அண்ணி, "ம்" என்றாள்.

"என்ன ம்?"

"தலைவலி."

பொய் ஒன்றுதான், அதற்குள் அது குட்டி போட்டுவிட்டது. பார்க்கப் போனால் இப்போது ஒரு கட்டுரை வேறு பிறக்கப் போகிறது.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணி கணவனிடம் சொன்னாள். அவன் கடை திறக்கும் முன் கண்ணாடி துடைக்கும் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டான். கேவிட்டி பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தங்கையைப் பற்றி எல்லாம் தெரியும்.

"நீங்களே அவ கிட்ட பக்குவமா சொல்லிடுங்களேன்," என்றாள் அண்ணி.

"நானா? ஆளை விடு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. பதினஞ்சு வருஷமா அந்தப் பக்கமே போகாமத்தான் நான் நல்லா இருக்கேன்."

"அப்போ என்ன பண்ணட்டும்?"

அவன் துணியை மடித்து வைத்தான். "போன வருஷம் ஒருத்தருக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்தேன்ல, வலது கண் கண்ணாடியை இடது பக்கம் மாட்டிட்டேன். அவரு கடைக்குத் திரும்பி வரவே இல்ல. ஒரு வாரம் கழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல பார்க்கிறேன், கண்ணுக்கு ஏதோ வந்துடுச்சு சார், எழுத்தெல்லாம் மங்குதுன்னு அழறாரு. கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என் மேல. அவரு பாவம், தன் கண்ணையே சந்தேகப்பட்டுட்டு இருந்தாரு."

அன்று முழுவதும் அந்த மனிதர் அண்ணியின் மனத்தை விட்டுப் போகவில்லை. முகம்கூடத் தெரியாது, ஆனாலும் நாள் பூராவும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை கேவிட்டி தூசியில்லா அறைக்குப் போனது. உள்ளே ஊசி முனைத் தூசி இருந்தாலும் சோதனை கெடும், அதனால் அதை வடிகட்டிய நீரால் பீய்ச்சிக் கழுவி, இரண்டு முனையையும் மூடியிட்டு, காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த அறைக்குள் போகிறவர்கள் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பில் இருப்பார்கள், கண் மட்டும் தெரியும். வேகமாக நடக்கக் கூடாது. கையை வீசக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. சுவரில் தூசி எண்ணுகிற கருவி ஒன்று ஓயாமல் காற்றை உறிஞ்சி, எத்தனை துகள் என்று சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டிருக்கும். சண்டை போடுவதற்கு உலகத்திலேயே வசதி குறைந்த இடம் அதுதான்.

கடைசி மூடியைக் கையில் எடுத்தாள் குட்டி. கருவி இரண்டு என்று காட்டியது.

"குட்டி, அதை இப்போ போடாதே."

"ஏன்?"

"ஒண்ணு சொல்லணும்."

"போட்டுட்டுக் கேக்கறேன் அண்ணி. பன்னண்டு போல்ட்டுதான்."

"போட்டுட்டா அப்புறம் எனக்குச் சொல்ல வாய் வராது. திங்கட்கிழமை நான் சக்கரத்தைத் திருப்பிட்டேன்."

குட்டியின் கை அந்தரத்தில் நின்றது. முகம் தெரியவில்லை, கண் மட்டும் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"எந்த அறை?"

"அஞ்சாவது."

"எவ்வளவு?"

"கால் சுற்று. அழுத்தினேன், இழுக்கலே."

"ஏன் அண்ணி?"

"ஒரு மேடு தணிஞ்சு இருந்துச்சு. கை போயிடுச்சு."

"கை போயிடுச்சா?" குட்டி கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பிலேயே ஒரு கத்தல் இருந்தது. "கை மட்டும் தனியா பஸ் ஏறி வந்துச்சா? நீங்க கூட வரலியா? நான் எழுதி வேற ஒட்டியிருந்தேனே!"

கருவி பத்தொன்பது என்று காட்டியது.

"திட்டு. நல்லா திட்டு. ஆனா கையை ஆட்டாதே, தூசி ஏறுது."

"ஏறட்டும்!" நாற்பத்தேழு. கருவி ஒரு முறை கீச்சென்றது. குட்டி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு ரொம்ப மெதுவாக, "நாலு வருஷம், அண்ணி," என்றாள். அவள் திட்டியதெல்லாம் அண்ணிக்கு உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது.

மூடியோடு நின்ற கையைக் குட்டி தாழ்த்தினாள். எண் மெல்ல இறங்கியது.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது," என்றாள் குட்டி.

"அதனாலதான் சொல்றேன். வெள்ளிக்கிழமை சோதனை தோத்தா, என் பூச்சு சரியில்லைன்னு நீ எழுதுவே. அது சரியாத்தான் இருந்துச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு நான் விட முடியாது. காலத்துக்கும் நீ உன் கையைச் சந்தேகப்பட்டுட்டு இருப்பே."

குட்டி மூடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கதவுவரை பதினாறு அடி. விதிப்படி, ஒவ்வொரு அடியாக, மெதுவாக நடந்து போனாள். கோபத்தில் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போகக்கூட அங்கே வழி இல்லை, அது தானாகத்தான் மூடிக்கொள்ளும். அண்ணி கேவிட்டியின் பக்கத்தில் தனியாக நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மூன்று நாளாகக் குறுகுறுத்தது இப்போது நின்றுவிட்டது, அந்த இடத்தில் நல்ல கெட்டியான வலி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது எவ்வளவோ தேவலை என்று அவளுக்குப் பட்டது.

பத்து நிமிடத்தில் புதுக் கையுறையோடு குட்டி திரும்பி வந்தாள். "மூடியை எடுங்க," என்றாள். ஒருவர் பிடிக்க, ஒருவர் முடுக்க, எதிரெதிராகப் பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கினார்கள். அந்த நேரத்தில் பேச்சு என்று இருந்தது எண்கள் மட்டும்தான்.

அன்று மாலை பேருந்தில் குட்டி பின் இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டில் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. கணவன் ஒன்றும் தெரியாதவன் போலக் கூரையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணியின் போனில் ஒரு செய்தி வந்தது. "அஞ்சாவது அறையில அழுத்தம் எங்க அதிகம் விழும்? நடு வளையத்துலயா, ஓரத்துலயா?" வணக்கம் இல்லை, அண்ணி இல்லை. அண்ணி உடனே எழுதினாள்: "நடு வளையம். தாடை மூணு இடத்துல கடிக்கும். படம் வரைஞ்சு தர்றேன்." பதினைந்து வருடப் பழக்கத்தில் அவளுக்குத் தெரியும், குட்டி வேலையைப் பற்றிக் கேட்டால் பாதிக் கோபம் போய்விட்டது என்று பொருள்.

குட்டியிடம் முப்பத்திரண்டு வெப்பமானிகள் இருந்தன. வழக்கமாக அவற்றை ஒன்பது அறைக்கும் பங்கு போட்டு வெளிச்சுவரில் ஒட்டுவாள். வியாழக்கிழமை அண்ணி வரைந்த படத்தைப் பார்த்து, பதினாறை ஐந்தாவது அறையிலேயே ஒட்டினாள். தலைவரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். அடுத்த கேவிட்டி உலைக்குப் போக மூன்று மாதம் ஆகும், முடிவை அவ்வளவு நாள் தள்ளிப்போட அவருக்கு அதிகாரம் இல்லை.

"சோதனை பண்ணுவோம். வர்றது வரட்டும்," என்றார்.

குளிர வைக்கும் வேலை குளிர்ப் பிரிவுக்காரருடையது. பூசிய கேவிட்டியை வேகமாகக் குளிரவிட்டால், தோலும் உலோகமும் ஒன்றையொன்று இழுத்துச் சின்ன மின்னோட்டங்கள் கிளம்பிக் காரியத்தைக் கெடுக்கும். கடைசிச் சில டிகிரிகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் எடுத்து இறக்க வேண்டும். அதற்கென்றே பிறந்தவர் அவர். நாற்காலியில் சாய்ந்து, வால்வில் இரண்டு விரலை வைத்து, "பதறாத காரியம் சிதறாது," என்று அரை மணிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் பதறும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குளிர் காட்டும் எண் அசையாமல் நின்றது. இருநூற்று அறுபத்தொன்பது. குட்டி சக்தியை ஏற்ற ஆரம்பித்தாள். சோதனை அறையில் நான்கு பேர், குட்டி, அண்ணி, தலைவர், குளிர்ப் பிரிவுக்காரர். கேவிட்டி எவ்வளவு குறைவாகச் சக்தியை விரயம் செய்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. ஆயிரம் கோடி வந்தால் வெற்றி. அந்த எண் கீழே விழாமல், திரையின் அளவுகோலில் சக்தியைப் பதினைந்து வரைக்கும் ஏற்ற வேண்டும்.

இரண்டில் ஆயிரம் கோடியைத் தொட்டது. நான்கில் கொஞ்சம் தடுமாறியது. ஆறில் மாடிப்படியில் கால் இடறியவனைப் போலக் கீழே விழுந்தது. ஐந்தாவது அறையில் ஒட்டிய வெப்பமானிகளில் மூன்று, படத்தில் அண்ணி குறித்துக் கொடுத்த அதே மூன்று இடம், திரையில் சிவந்தன.

அண்ணி தரையைப் பார்த்தாள்.

"மத்த எட்டு அறையும் குளிர்ந்துதான் இருக்கு," என்றாள் குட்டி.

"இருக்கு," என்றார் தலைவர். "ஆனா ஆறோட நின்னுட்டா, எட்டும் பதினைஞ்சு வரைக்கும் தாங்கும்னு நான் எப்படிச் சொல்றது? அஞ்சாவதைத் தனியாக் கழட்டி வைக்க முடியாதே, குட்டி."

அண்ணி நிமிர்ந்தாள். கழற்ற முடியாதுதான். ஆனால் தூங்க வைக்கலாமே! ஒன்பது அறைக் கேவிட்டி ஒரே மாதிரி மட்டும் அதிராது, ஒன்பது விதமாக அதிரும். துகளைத் தள்ளுவது ஒன்பதாவது விதம். மற்ற எட்டையும் யாரும் சீண்டுவதில்லை, அண்ணியைத் தவிர. சுருதி சேர்க்கும்போது ஒன்பதையும் மணி இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு விதத்துக்கும் மேடுகளின் உருவம் அவளுக்கு மனப்பாடம், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகங்கள் மாதிரி.

"எட்டாவது விதத்துல ஓட்டிப் பாருங்க," என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"எட்டாவதுல ஓரத்து அறை ரெண்டும் நல்லா ஆடும், நடு அறை மட்டும் ஆடவே ஆடாது. முந்நூறு தடவை பார்த்திருக்கேன். அங்க மேடே வராது, தரை மாதிரி இருக்கும். அஞ்சாவது தூங்கும், மத்ததெல்லாம் வேலை செய்யும்."

தலைவர் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "புத்தகத்துல படிச்சது! பரிட்சையில எழுதியிருக்கேன்!" என்றார். அதுவரைக்கும் நினைவு வராததற்கு அந்த வழுக்கையைத்தான் குறை சொல்ல வேண்டும் என்று குளிர்ப் பிரிவுக்காரர் முணுமுணுத்தார்.

குட்டி ஏற்கெனவே அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கீற்று கீழே போனதும் எட்டாவது விதம் பிடிபட்டது. இரண்டு. நான்கு. ஆறு. எண் ஆயிரம் கோடியில் நின்றது. ஐந்தாவது அறையின் பதினாறு வெப்பமானியும் நீலமாகக் கிடந்தன, உண்மையிலேயே தூங்குகிற பிள்ளை மாதிரி. எட்டு. பத்து. குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு விசையைப் பொடிப் பொடியாக ஏற்றினாள். பன்னிரண்டில் தலைவர் எழுந்து நின்றார். பதினைந்தில் குளிர்ப் பிரிவுக்காரரே பதறிவிட்டார். பதினாறில்தான் எண் லேசாகத் தலை சாய்த்தது. எட்டு அறை, ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்றார் தலைவர். குட்டி நாற்காலியைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாள். "எந்த அறைன்னு நீங்க சொல்லலேன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அண்ணியும் முடிக்கச் சொல்லவில்லை. அன்று மாலை பேருந்தில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். அறிக்கையில் 'ஐந்தாம் அறை: அளவெடுப்பவர் தவறுதலாக அழுத்தியது' என்று எழுதுவதா, 'கையாளும்போது ஏற்பட்டது' என்று பூசி மெழுகுவதா என்று வழி முழுவதும் வாக்குவாதம். அண்ணிதான் ஜெயித்தாள். தவறுதலாக அழுத்தியது என்றே எழுதப்பட்டது. ஒன்பது மேடும் ஒரே உயரம் என்ற கட்டுரை பிறக்காமலே போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கேவிட்டி தூசியில்லா அறைக்குத் திரும்பியது. அதை மறுபடி உலைக்கு அனுப்பி, ஐந்தாவது அறையின் விரிசல் மேல் இன்னொரு முறை மெலிதாகப் பூசிப் பார்க்கலாம் என்று குட்டிக்கு ஓர் எண்ணம். வெள்ளை உடுப்பில் இருவரும் எதிரெதிரே நின்று, ஒரு முனையின் மூடியை எடுத்துவிட்டு, மறுமுனையின் போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள்.

"புது முடுக்கியோட எட்டு கேவிட்டிக்கும் பூசச் சொல்லிட்டாரு," என்றாள் குட்டி. "நேத்து சாயந்தரம் கையெழுத்தாச்சு."

அண்ணியின் கையிலிருந்த திருகி நின்றது. "நல்லது. ரொம்ப நல்லதும்மா."

"பூசுறதுக்கு முன்னாடி எட்டையும் சுருதி சேர்க்கணும். உலையில எவ்வளவு தளரும்னு கணக்குப் பண்ணி, முன்கூட்டியே அவ்வளவு விட்டுச் சேர்க்கணும். பூசினப்புறம் தொட முடியாதே. அந்த வேலை உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

"எனக்கா? கெடுத்தவ கிட்டயேவா குடுக்கறே?"

"அவரும் அதைத்தான் கேட்டாரு. சுருதிப் பிரிவுல ரெண்டு பேரு இருக்காங்க, இத்தனை வருஷத்துல ஒரு தப்புகூட அவங்க பேர்ல இல்ல, அவங்க கிட்ட குடுக்கலாமேன்னாரு." குட்டி ஒரு போல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தாள். "தப்பே பண்ணாதவங்களா, பண்ணதைச் சொல்லாதவங்களா, நமக்கு எப்படித் தெரியும் சார்னு கேட்டேன். பேசாம கையெழுத்துப் போட்டுட்டாரு."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். முகமூடிக்கு மேலே இருந்த கண் இரண்டும் நிறைந்து, வழிவதற்குத் தயாராக நின்றன.

"அண்ணி! அண்ணி, இங்க வேண்டாம். கேவிட்டி திறந்திருக்கு. கண்ணீர்ல உப்பு இருக்கு. அழறதுன்னா வெளிய போய் அழுங்க."

அண்ணி திருகியைக் கீழே வைத்துவிட்டு, விதிப்படி, கையை வீசாமல், மெதுவாகக் கதவை நோக்கி நடந்தாள். குட்டி கேவிட்டியின் வாயை அவசரமாக மூடினாள். பிறகு அவளும் பின்னாலேயே, அதே மாதிரி மெதுவாக நடந்து வந்தாள். அவளாலும் ரொம்ப நேரம் தாங்கியிருக்க முடியாது.